திரும்பி வரும் பட்டுவாடாத் தொகையும் அதன் காரணங்களும்

2024ஆம் வருஷம் நவம்பர் மாதம் 30ஆம் தேதி மாலையும் இரவுமாக 'பெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை நகரத்தில் பெய்தது. அடுத்த இரண்டொரு நாளில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் புகுந்து, நெற்பயிர் நீரில் மூழ்கியது. பயிர்ச்சேதத்திற்கு ஹெக்டேருக்கு ரூ. 30,000 வீதமும், குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ. 5,000 வீதமும் உதவித்தொகை அளிக்கப்படுமெனப் புதுச்சேரி சர்க்கார் அப்பொழுது அறிவித்தது.

இவ்வகைத் தொகை எதுவும் இந்நாளில் ரொக்கமாகக் கையில் எண்ணி வைக்கப்படுவதில்லை. மின்வழியாகப் பாங்கிக் கணக்கில் சேர்ப்பிக்கப்படுகிறது. இத்தகைய பட்டுவாடா நடக்கும் ஒவ்வொரு முறையும், அயலானுக்கு வந்த பணம் தமக்கு வரவில்லையென்று பாங்கிப் புத்தகமும் கையுமாக உழவர் உதவியகத்திற்கு வரும் குடியானவர் சிலர் இருக்கவே செய்கின்றனர். அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒரே சொல்லாக இருக்கும்: 'திரும்பிவிட்டது.' இதைக் கேட்டதும் சிலர் தம் பெயர் ஜாபிதாவிலிருந்து அடிக்கப்பட்டதென்று மனம் சோர்ந்து திரும்புகின்றனர். வேறு சிலர் குமாஸ்தாவின்பேரில் சந்தேகம் கொள்கின்றனர். இரண்டும் சரியன்று. திரும்பிய தொகை அனுப்பிய இலாகாவின் கணக்கிற்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதனைப் பெறும் உரிமை திரும்புதலால் மட்டும் அழிந்துபோவதில்லை. மேலும், ஒவ்வொரு திரும்புதலுக்கும் ஒரு காரணம் எழுத்தில் குறிக்கப்பட்டே வருகிறது. அந்தக் காரணத்தைக் கேட்டறியாமல் 'பணம் வரவில்லை' என்று மாத்திரம் மனு எழுதுவது, நோய் இன்னதென்று சொல்லாமல் மருந்து கேட்பதை ஒக்கும்.

புதுச்சேரிக்குப் பாங்கி புதிதன்று. 1875இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய இந்தோ-சீனப் பாங்கி சைகோனிலும் புதுச்சேரியிலும் கிளைகள் வைத்து நடத்திற்று. ஆயினும் கிராமத்துக் குடியானவர் பழகியது தபால்காரர் கொண்டுவந்த மணியார்டரேயாகும். மேல்விலாசக்காரர் ஊரில் இல்லையென்றாலும், காலமாகிவிட்டாரென்றாலும், தெருப்பெயர் தவறென்றாலும், தபால்காரர் அதனைப் பாரத்தில் எழுதிப் பணத்தைத் திருப்பியனுப்புவார். மின்வழிப் பட்டுவாடாவிலும் நடப்பது இதுவே. தபால்காரர் இருந்த இடத்தில் இப்பொழுது கம்ப்யூட்டர் இருக்கிறது. தபால்காரர் முகமறிந்தவர், விலாசம் சற்றுப் பிழையாயிருந்தாலும் ஆளைத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது.

பணம் கணக்கை அடைவதற்கு வழிகள் இரண்டு. ஒன்று கணக்கு நம்பரைக் கொண்டு செல்லும் வழி. மற்றொன்று ஆதார் எண்ணைக் கொண்டு செல்லும் வழி. எந்தத் தொகை எவ்வழியாக அனுப்பப்பட்டதென்பதை முதலில் விசாரித்தறிய வேண்டும். ஏனெனில் ஒரு வழியிலுள்ள பிழையை மற்ற வழியில் எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

கணக்கு நம்பர் வழியில் 'நெப்ட்' எனப்படும் முறை 2005ஆம் வருஷம் நவம்பரில் ரிசர்வ் பாங்கியால் ஏற்படுத்தப்பட்டது. 2019ஆம் வருஷம் டிசம்பர் 16 முதல் அது விடுமுறையின்றி இரவும் பகலும் நடைபெற்று வருகிறது. அரைமணிக்கு ஒரு கட்டாகப் பணம் தீர்வு செய்யப்படுகிறது. பெறுகின்ற பாங்கி அக்கட்டு முடிந்த 2 மணி நேரத்திற்குள் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும், அல்லது திருப்ப வேண்டும். இவ்வழிக்கு இரண்டு விவரங்கள் தேவை: கணக்கு நம்பர், ஐ.எப்.எஸ்.சி. குறியீடு.

ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கும் பாங்கியைக் குறிக்கும் எழுத்துக்கள். இந்தியன் பாங்கிக்கு ஐ.டி.ஐ.பி. என்றும், கனரா பாங்கிக்கு சி.என்.ஆர்.பி. என்றும் இருப்பதுபோல. கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். நடுவிலுள்ள ஐந்தாவது இடம் எப்பொழுதும் பூஜ்யம். இதனை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாக எண்ணி எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இயந்திரத்திற்கோ முற்றிலும் வேறு. கிராம பாங்கி சிலவற்றுக்கு, அவற்றைத் தாங்கி நடத்தும் பெரிய பாங்கியின் எழுத்துக்களிலேயே குறியீடு தொடங்கும். ஆகையால் பெயரை வைத்துக் குறியீட்டை ஊகிக்காமல், பாங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் பார்த்தே எழுத வேண்டும்.

அந்த முதற்பக்கமும் பழையதாயிருந்தால் போதாது. 2019 ஏப்ரலில் விஜயா பாங்கியும் தேனா பாங்கியும் பரோடா பாங்கியுடன் இணைந்தன. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி சிண்டிகேட் பாங்கி கனராவுடனும், ஆந்திரா பாங்கியும் கார்ப்பரேஷன் பாங்கியும் யூனியன் பாங்கியுடனும், அலகாபாத் பாங்கி இந்தியன் பாங்கியுடனும் ஒன்றாயின. அவ்வருஷம் நவம்பரில் லட்சுமி விலாஸ் பாங்கி டி.பி.எஸ். பாங்கியில் சேர்க்கப்பட்டது. இணைந்த பாங்கிகளின் பழைய குறியீடுகள் சில காலம் வரையில் ஏற்கப்பட்டுப் பின்னர் செல்லாதவையாயின. சிண்டிகேட் பாங்கியின் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் அவ்வாறாயின. கட்டிடம் அதே கட்டிடம், அலமாரியில் பத்திரமாக வைத்த புத்தகமும் அதே புத்தகம். ஆயினும் அதிலுள்ள குறியீட்டைக் கொண்டு அனுப்பிய பணம் போய்ச் சேராது. இணைப்புக்குட்பட்ட பாங்கியில் கணக்குள்ளவர்கள் புதிய புத்தகம் பெற்று, அதன் நகலை ஒருமுறையேனும் இலாகாவில் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

கணக்கு நம்பரில் நேரும் பிழை குடியானவரால் மட்டுமன்று, ஜாபிதா தயாரிப்பவராலும் நேருகிறது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பாங்கிக்குப் பாங்கி நம்பரின் நீளம் வேறு. சில நம்பர்கள் பூஜ்யத்தில் தொடங்கும். கம்ப்யூட்டர் அட்டவணைத்தாளில் அவற்றை வெறும் எண்ணாக அடித்தால், முன்னுள்ள பூஜ்யங்களை அது தானே நீக்கிவிடும். பஞ்சாப் நேஷனல் பாங்கியைப் போல 16 இலக்க நம்பர் வைத்திருக்கும் பாங்கிகளின் விஷயத்தில் இன்னும் பெரிய தொல்லை உண்டு. வழக்கமாகக் கையாளும் 'எக்செல்' அட்டவணை 15 இலக்கம் வரையில்தான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16ஆவது இலக்கம் எதுவாயினும் அதைப் பூஜ்யமாக்கிவிடும். அடித்தவர் கை பிசகவில்லை, சரிபார்த்தவர் கண்ணும் பிசகவில்லை. ஆனால் தாளைச் சேமித்தபின் நம்பர் மாறியிருக்கிறது. நம்பர் எழுதும் பத்தி முழுவதையும், அடிக்கத் தொடங்குமுன்பே 'எழுத்து' என்று குறித்துவிட்டால் இவ்விரு பிழையும் நேரா. ஒரு கிராமத்து ஜாபிதாவில் ஒரே பாங்கிக்காரர் அனைவருக்கும் பணம் திரும்பியிருந்தால், முதற்கண் சந்தேகிக்கத் தக்கது இதுவே.

தவறான நம்பரால் பணம் திரும்பிவிட்டால் அது நல்ல காலமென்றே சொல்ல வேண்டும். பிழையான நம்பர் தற்செயலாக வேறொருவருடைய உயிருள்ள கணக்காக அமைந்துவிட்டால் பணம் திரும்பாது, அவருக்கே போய்விடும். பெயர் பொருந்தவில்லையே, பாங்கி அதைப் பார்க்காதா என்று கேட்பது இயல்பு. மின்வழி அனுப்பீட்டில் கணக்கு நம்பரை மாத்திரம் கொண்டே தொகையை வரவு வைக்கலாமென்று 2010ஆம் வருஷத்திலேயே ரிசர்வ் பாங்கி தெளிவுபடுத்தியிருக்கிறது. பணம் அனுப்புவோர் அனுப்புமுன் பெறுவோர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் அளிக்க வேண்டுமெனப் பாங்கிகளுக்கு உத்தரவாயிற்று. சொந்தமாகப் பணம் அனுப்பும் குடியானவர்கள் அதைக் கையாளுதல் நலம். அயலார் கணக்கிற்குப் போன பணத்தை அவர் சம்மதமின்றிப் பாங்கி திருப்பியெடுப்பது எளிதன்று.

இனி ஆதார் வழி. இதில் கணக்கு நம்பர் எழுதப்படுவதேயில்லை. பி.எம். கிஸான் திட்டத்தில் வருஷத்திற்கு ரூ. 6,000, மூன்று தவணையாக ரூ. 2,000 வீதம், பெரும்பாலும் இவ்வழியாகவே வருகிறது. ஆதார் எண்ணைச் சொன்னால் இயந்திரம் குடியானவரின் கணக்கைக் கண்டுகொள்ளும் என்பது பலருடைய எண்ணம். உண்மை சற்று வேறுபட்டது. என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியப் பட்டுவாடாக் கழகத்திடம் ஒரு பதிவேடு இருக்கிறது. இன்ன ஆதார் எண்ணுக்கு இன்ன பாங்கி என்பது மட்டுமே அதில் உண்டு; கணக்கு நம்பர் இராது. ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு பாங்கிதான் குறிக்கப்படும். கடைசியாக எந்தப் பாங்கி பதிவு செய்ததோ அதுவே நிற்கும். பணம் அப்பாங்கிக்குச் சென்றபின், அப்பாங்கி தன் சொந்தக் குறிப்பைப் பார்த்து இன்ன கணக்கென்று தெரிந்து வரவு வைக்கிறது. ஆகவே இரண்டு முடிச்சு. எது அவிழ்ந்தாலும் பணம் நிற்காது.

பாகூர்க் குடியானவர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருக்கு இருபது வருஷமாக உள்ளூர்ப் பாங்கியில் கணக்கு உண்டு. தவணைகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. டிராக்டர்க் கடனுக்காக நகரத்தில் வேறொரு பாங்கிக்குச் சென்றார். அங்கே புதுக் கணக்கு திறக்கும்போது நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒன்று, சர்க்கார் உதவித்தொகைகளை இக்கணக்கிலேயே பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கும் தாள். அன்று முதல் பதிவேட்டில் பாங்கி மாறிவிட்டது. அடுத்த தவணை வந்தது, அவர் பழைய புத்தகத்தில் பதிந்து பார்த்தார், இல்லை. இலாகாவில் விசாரித்தார், 'செலுத்தப்பட்டது' என்றனர். இரு தரப்பாரும் மெய்யே சொன்னார்கள், பணமும் புதுக் கணக்கில் பத்திரமாக இருந்தது. பின்பு கடன் தீர்ந்ததும், இனி வேண்டாமென்று அப்புதுக் கணக்கை மூடினார். பதிவேட்டிலுள்ள பாங்கியின் பெயரை நீக்க வேண்டுமென்று அவருக்குத் தெரியாது, எவரும் சொல்லவுமில்லை. அதற்கடுத்த தவணை மூடிய கணக்கைத் தேடிச் சென்று திரும்பிற்று. பழைய பாங்கியில் அவர் பன்முறை சென்று முறையிட்டும் பயனில்லாமற் போனது இதனாலேயே. அப்பாங்கிக்கு அப்பணம் வரவேயில்லை. சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்து, ஆதாரைத் திரும்பவும் இக்கணக்கோடு இணைத்துப் பதிவேட்டிலும் மாற்றித் தரும்படி கேட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்.

தம் ஆதார் எண்ணுக்கு எதிரே எந்தப் பாங்கி நிற்கிறதென்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் தம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கொண்டு எவரும் பார்த்துக்கொள்ளலாம். 'ஆதார் பாங்கியில் கொடுத்திருக்கிறேன்' என்பது வேறு, 'ஆதார் பதிவேட்டில் இருக்கிறது' என்பது வேறு. கணக்கு திறக்க அடையாளமாக ஆதார் நகல் கொடுத்தால் மட்டும் பதிவேட்டில் ஏறிவிடாது.

இவ்வூரிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2015ஆம் வருஷம் செப்டம்பர் 1 முதல் சண்டிகாரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்திற்குப் பதிலாகப் பணம் பாங்கிக் கணக்கில் செலுத்தத் தொடங்கினர். அக்காலத்தில் ஆராய்ச்சியாளர் வீடு வீடாகச் சென்று விசாரித்தபோது, சர்க்கார் கணக்கின்படி தவறியவை மிகக் கொஞ்சமாயிருக்க, தமக்கு வரவில்லையென்று சொன்னவர் தொகை அதைவிட மிக அதிகமாயிருந்தது. எந்தக் கணக்கில் பணம் விழுந்ததென்று அறியாதவர்களும் அவர்களில் இருந்தனர். கணக்குப்படி செலுத்தியாயிற்று என்பதோடு உத்தியோகஸ்தரின் வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம்பரும் ஆதாரும் சரியாயிருந்தும் கணக்கின் நிலைமையால் பணம் திரும்புவதும் உண்டு. இவற்றுள் இப்பொழுது அதிகமாய்க் காணத்தக்கது கே.ஒய்.சி. எனப்படும் அடையாள விவரங்கள் காலங்கடந்துபோவது. சாதாரணக் கணக்குகளுக்கு 10 வருஷத்திற்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். ஜன் தன் கணக்குகள் 2014 ஆகஸ்டு 28 முதல் திறக்கப்பட்டவை; எனவே முதலில் திறந்தவற்றுக்கு 2024 முதல் தவணை வந்துவிட்டது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை இதற்காகவே நாடெங்கும் பஞ்சாயத்துக்களில் முகாம்கள் நடத்தப்பெற்றன. அப்பொழுது தவறவிட்டவர்கள் பாங்கிக்கு நேரிற் சென்று முடித்துக்கொள்ள வேண்டும்.

முழு அடையாளப் பத்திரமின்றித் திறந்த 'சிறு கணக்கு'களில் ரூ. 50,000க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஒரு வருஷத்து வரவு ரூ. 1 லட்சத்திற்கு மேற்படக் கூடாது.  இரண்டு வருஷத்திற்கு மேல் கணக்குக்காரர் தாமாக ஒன்றும் போடாமலும் எடுக்காமலும் விட்ட கணக்கு செயலற்றதாகக் கருதப்படும். அதை மீண்டும் உயிர்ப்பிக்கப் பாங்கி கட்டணம் வாங்கலாகாது. கூட்டுறவுக் கடன் சங்கத்துச் சேமிப்புக் கணக்கின் நம்பரைச் சிலர் எழுதிக்கொடுக்கின்றனர். சங்கம் பாங்கியன்று, அதற்கு ஐ.எப்.எஸ்.சி. கிடையாது. பயிர்க்கடன் கணக்கின் நம்பரைக் கொடுப்பதும் உசிதமன்று. தொகை திரும்பலாம், அல்லது கடன் நிலுவையில் சேர்ந்துவிடலாம்.

பணம் புறப்படுமுன்பே மறுக்கப்படுவது மற்றொரு வகை. மத்திய சர்க்கார்த் திட்டங்களில் பி.எப்.எம்.எஸ். என்னும் கணக்கு முறையின் மூலம் கணக்கு முன்கூட்டிப் பாங்கியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. இங்கே பெயர் வேற்றுமை குறுக்கிடும். புதுச்சேரியில் இத்தொல்லை பிற இடங்களைக் காட்டிலும் சற்று அதிகமென்னலாம். 1881ஆம் வருஷத்துப் பிரெஞ்சுச் சட்டப்படி குடும்பப் பெயர் ஏற்ற குடும்பங்களில் அப்பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னுமாக நிற்கும். மற்றவர்க்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் ஒட்டியும் வேறிடத்தில் விரிந்தும் இருக்கும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பதும் அபூர்வமன்று. ஆதாரில் உள்ளபடியே பாங்கிப் புத்தகத்திலும் இலாகா விண்ணப்பத்திலும் ஒரே விதமாகப் பெயரை அமைத்துக்கொள்ளுதல் ஒரு நாள் அலைச்சல்தான். பின்னர் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

பணம் வராத குடியானவர் இலாகாவில் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். தொகை அனுப்பப்பட்டதா, அன்றி முன்பே மறுக்கப்பட்டதா? அனுப்பப்பட்டதாயின் எவ்வழியில், எந்தத் தேதியில், எந்த யு.டி.ஆர். நம்பரில்? திரும்பியதாயின் குறிக்கப்பட்ட காரணம் என்ன? யு.டி.ஆர். என்பது ஒவ்வொரு அனுப்பீட்டுக்கும் தனியாக அமையும் அடையாள நம்பர். அதைக் கொண்டுபோனால் பாங்கியில் தட்டிக்கழிக்க முடியாது. 'கணக்கு இல்லை' என்றோ 'குறியீடு தவறு' என்றோ காரணம் வந்திருந்தால் திருத்தம் இலாகா ஜாபிதாவில். 'ஆதார் இணைக்கப்படவில்லை', 'கணக்கு முடக்கம்', 'கே.ஒய்.சி. பாக்கி' என்றால் திருத்தம் பாங்கியில். இலாகா 'செலுத்தியாயிற்று' என்று சொல்லியும் பணம் காணாவிடில், வேறெந்தப் பாங்கியிலேனும் கணக்கு உண்டா என்று வீட்டாரோடு கூடி நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பி.எம். கிஸான் தொகையைப்பற்றி 155261 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

பாங்கி தன் தாமதத்தால் நெப்ட் தொகையை உரிய காலத்தில் வரவு வைக்காமலோ திருப்பாமலோ இருந்தால், ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி கொடுக்கக் கடமைப்பட்டது. எழுத்துமூலம் கொடுத்த முறையீட்டுக்கு 30 நாளில் பதில் வராவிடில் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குச் செலவின்றி எழுதலாம்.

திருத்தம் முடிந்தவுடன் பணம் தானே வந்துவிடுமென்று இருத்தலாகாது. திருத்தியதை இலாகாவுக்கு எழுதித் தெரிவித்து, மறுபடி அனுப்பும்படி கேட்க வேண்டும். மார்ச்சு 31இல் நிதியாண்டு முடியுமுன் இதைச் செய்தல் நலம். கடந்தால் புதிதாக அனுமதி பெற வேண்டி நேரலாம். கணக்குக்காரர் காலமாகியிருந்தால், வாரிசுகள் அவர் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டே தவணை எதிர்பார்த்திருப்பது வீண். பட்டா மாற்றத்திற்கும் தம் பெயரில் விண்ணப்பத்திற்கும் உடனே முயல வேண்டும்.

திரும்பியவற்றின் ஜாபிதா வந்ததும், கிராம உத்தியோகஸ்தர்கள் அதைக் கோப்பில் கட்டி வைக்காமல், கொம்யூன் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் பெயரும் காரணமும் மட்டும் எழுதி ஒட்டலாம். கணக்கு நம்பரையும் ஆதார் எண்ணையும் முழுமையாக வெளியிடலாகாது. இச்சமயம் பார்த்து, 'உங்கள் பணம் திரும்பிவிட்டது, ஓ.டி.பி. சொன்னால் சேர்த்துவிடுகிறோம்' என்று கைப்பேசியில் பேசுவோர் கிளம்புவர். திரும்பிய தொகையை மறுபடி அனுப்புவதற்குக் குடியானவரின் ஓ.டி.பி. எந்த இலாகாவுக்கும் எந்தப் பாங்கிக்கும் தேவையில்லை என்பதையும் அதே பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.